பெட்டியை அந்தரத்தில் நிறுத்தியவருக்கு

கடற்காற்றில் ஆடும் கம்பி ஏணியில் கால் பிசகாமல் ஏறிய காளையே! கப்பலின் வயிற்றிலிருந்து கனத்த பெட்டிகளை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் லாரியில் கிடத்திய கைப்பக்குவமே! அவசரக்காரர்கள் நிறைந்த இந்தத் துறைமுகத்தில் ‘நிதானம்’ என்றே பெயர் வாங்கிய எங்கள் அண்ணனே! உங்களை வணங்கி, வாழ்த்தி, வயிற்றெரிச்சலோடு இம்மடலை வாசிக்கிறோம்.

வயிற்றெரிச்சல் எதற்கு என்று மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் நெளிய வேண்டாம், சொல்லத்தான் போகிறோம். உங்கள் பணி ஓய்வு விழாவுக்கென்று அலுவலகமே ஒரு மடலை எழுதி, வழவழப்பான தாளில் அச்சடித்தும் கொடுத்தது. அதில் உங்கள் பொறுமை இருந்தது, புன்னகை இருந்தது, முப்பத்திரண்டு ஆண்டுப் பணியும் இருந்தது. அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் இல்லை. அதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டுவது மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துவதுபோல. ஆகவே அந்தத் தாளை மரியாதையாக மடித்து வைத்துவிட்டோம்.

கோடைக்காலத்துக் காலை ஷிப்ட் அது. எதிர்வெயில் கேபின் கண்ணாடியில் நேராக அடிக்கிறது. கொக்கியில் பெட்டி தொங்குகிறது, கீழே லாரி, லாரியைச் சுற்றி ஆட்கள். அப்போதுதான் உங்கள் வலது கண் திரை விழுந்ததுபோல் இருண்டது. ஒற்றைக் கண்ணை நம்பிப் பெட்டியின் உயரத்தைச் சரியாகக் கணிப்பது கடினம் என்பது கிரேன் ஓட்டுகிற எவருக்கும் தெரியும். இன்னொருவர் என்றால் குத்துமதிப்பாக இறக்கியிருப்பார், ஆண்டவன் விட்ட வழி என்று இருந்திருப்பார். நீங்கள் பிரேக்கைப் போட்டீர்கள். வாக்கி டாக்கியில் உங்கள் குரல் பதறாமல் வந்தது.

“வலது கண்ணு இருட்டிடுச்சு. உயரம் பிடிபடல. கீழ இருக்கறவங்க எல்லாம் விலகிப் போயிடுங்க. கண்ணு தெரியற வரைக்கும் நான் இறக்க மாட்டேன்.”

பெட்டி அந்தரத்தில் நின்றது. கப்பல் காத்துக் கிடந்தது. மேலாளர் தரையில் நின்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கண் தெளிந்த பிறகு, ஒரு சிராய்ப்பும் இல்லாமல் அதைப் பூப்போல இறக்கி வைத்தீர்கள். அதற்குக் கிடைத்த பரிசு ஒரு மெமோ: ‘வேண்டுமென்றே வேலையை நிறுத்தியவர்’.

என்ன நியாயம் இது! உங்களைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். ஏசி அறையின் வாசலில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு உள்ளே, மங்கிய வெளிச்சத்தில், சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கண்தான் அதற்குள் தெளிந்துவிட்டதே, கடைசி வரி வரைக்கும் படித்தீர்கள். கண்ணில் குறையே இல்லை என்று எழுதிவிட்டார் டாக்டர். வெயிலில் வந்த வியாதியை நிழலில் தேடிவிட்டு, இல்லை என்று சாதித்தார்கள். புருவத்துக்கு மேலே விண்விண் என்று வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்களைக் கிரேனிலிருந்து இறக்கி, வாயிலில் பாஸ் கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ‘நடிகர் திலகம் கீழே இறங்கிட்டாரா?’ என்று அதிகாரிகள் சிலர் கேட்டுச் சிரித்ததும் எங்களுக்குத் தெரியும்.

அண்ணி மட்டும் விடவில்லை. உங்களைக் கையோடு அரசாங்கக் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் எழுத்தைப் படித்துவிட்டு எழுந்திருக்கப் போனீர்களாம். அண்ணி வழியை மறித்து நின்றிருக்கிறார்.

“டாக்டர், இவரை முதல்ல முற்றத்துல வெயில்ல நிக்க வச்சுட்டு, அப்புறம் படிக்கச் சொல்லிப் பாருங்க.”

அந்த மருத்துவர் கௌரவம் பார்க்காமல் அப்படியே செய்தார். வெயிலிலிருந்து திரும்பிய வலது கண்ணுக்கு முதல் வரியின் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை, நெடுநேரம் ஆகியும் தெளியவில்லை. உடனே அவர் உங்கள் கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் கொண்டுபோகிற கழுத்துக் குழாய், உள்ளே கொழுப்பு படிந்து நூலளவுக்குச் சுருங்கியிருந்தது. ரத்தம் போதாமல் பட்டினி கிடந்த கண், கூசும் வெளிச்சம் பட்டதும் சுருண்டுவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் பக்கவாதமே வந்திருக்கலாம் என்றாராம் மருத்துவர். கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்து உங்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்குள் வலது கண்ணின் பார்வை அடியோடு போய்விட்டது, அது திரும்பவே இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் கண்ணுக்கும் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, அண்ணி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மெமோ இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்து செய்யுங்கள் என்று கேட்டோம். மெமோ கொடுத்த தேதியில் மருத்துவச் சான்று இல்லை, ஆகவே மெமோ செல்லும் என்று பதில் வந்தது. நோய் முன்கூட்டியே மனுப் போட்டுவிட்டு வர வேண்டும்போல! ‘விடுங்கப்பா, போற நேரத்துல எதுக்கு வம்பு’ என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் பேச்சை நாங்கள் தட்டியதே இல்லை, இன்று தட்டுகிறோம்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களே! அண்ணன் இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது குற்றவாளியாகப் போகக் கூடாது. பேனா உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்று நிச்சயம். நாளைக் காலை முதல், எந்தக் கேபினிலிருந்து ‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒரு குரல் வந்தாலும் அங்கே கொக்கி நிற்கும், மற்ற கொக்கிகளும் நிற்கும். அதைக் குற்றம் என்று எழுத விரும்புகிறவர்கள் எங்கள் எல்லோர் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும்.

அண்ணனே! மாத்திரையை மறக்காமல், புகையிலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், அண்ணி கிழித்த கோட்டைத் தாண்டாமல், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் தூக்கிக் கொஞ்சி, நோய்நொடி இன்றி நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்!

இங்ஙனம்,
அன்று அந்தப் பெட்டிக்கு நேர் கீழே நின்றிருந்து,
இன்று கையெழுத்துப் போட உயிரோடு இருக்கும்
கிரேன் பிரிவுத் தொழிலாளர்கள்