மஞ்சள் ஹெல்மெட்டில் எழுதியிருந்த 417 என்ற எண் குறித்து

என் பெயர் சுகிர்தா. வயது 15. தகப்பனார் பெயர் சாம்சன், தாயார் பெயர் சாராள். திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள சர்ச் தெருவில், கதவு எண் 6இல் குடியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இன்று 11ஆம் தேதி புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு உதவி ஆய்வாளர் மெர்சி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெற்றோர் முன்னிலையில் விசாரித்ததன் பேரில் இதைச் சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் தகப்பனார் மேற்படி தொழிற்பேட்டையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். அங்கே அவருடைய டோக்கன் எண் 417. அந்தக் கம்பெனியின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் துளசிராமன் என்பவர், ஸ்டோரில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு ஜோடி கையுறையும் குறைவதாகவும், அவற்றை என் தகப்பனார் எடுத்து வந்து என் அக்கா ஏஞ்சலுக்குக் கொடுத்துவிட்டதாகவும் புகார் செய்திருக்கிறார். திருட்டு என்று ஒரு முறை எழுதப்பட்டுவிட்டால் இந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்த கேட்டிலும் என் தகப்பனாரை உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் பொருள்கள் எங்களிடம் வந்த விதத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்காவுக்கு வயது 17. அவள் பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஓட்டுகிறாள். அது சிறிய சக்கரங்கள் உள்ள, மேடு தாண்டிக் குதிக்கிற சைக்கிள். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் எங்கள் மாமா அதைப் பழையதாக வாங்கிக் கொடுத்தார். சென்னையில் நடக்கும் போட்டி ஒன்றில் சேர அக்கா விண்ணப்பித்தபோது, ஹெல்மெட், முழுவிரல் கையுறை, முழங்கால் காப்பு ஆகியவை இல்லாமல் களத்தில் இறங்க முடியாது என்று விதிமுறையில் இருந்தது. எனக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசாக இரண்டாயிரம் ரூபாய் கிடைத்திருந்தது. அந்தப் பணத்துக்குள் எல்லாவற்றையும் வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் பள்ளி நூலகத்துக் கணினியில் ஒரு வாரம் படித்து, நோட்டில் குறிப்பு எடுத்தேன். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது, ஏனெனில் ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்விரிசல் வெளியே தெரியாது. எனவே பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்கினேன். தையல் டேப்பால் அக்காவின் தலையைப் புருவத்துக்கு மேலே சுற்றி அளந்ததில் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் இருந்தது. திருவள்ளூர் சைக்கிள் கடையில் அந்த அளவில் கறுப்பு நிறம் விலை அதிகம். மஞ்சள் நிறத்தை யாரும் கேட்பதில்லை என்று குறைத்துக் கொடுத்தார்கள். உள்ளே தயாரித்த மாதத்தைப் படித்துப் பார்த்து, பட்டையை மாட்டி, அக்காவைத் தலையை ஆட்டச் சொல்லி, அது நகரவில்லை என்று உறுதி செய்த பிறகே வாங்கினேன். கடைக்காரர், "இன்னா பாப்பா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்கற" என்றார்.

அதன் பிறகு முழங்கால் காப்புக்காக, டைல்ஸ் போடுகிறவர்கள் கட்டும் பஞ்சுக் காப்பு ஒன்றையும் ஸ்கேட்டிங் காப்பு ஒன்றையும் இரவல் வாங்கினேன். இரண்டையும் இரண்டு செங்கல்லில் கட்டி, கயிறு போட்டு சிமெண்ட் தரையில் இழுத்துப் பார்த்தேன். பஞ்சுக் காப்பு தரையைப் பிடித்துக்கொண்டு செங்கல் குப்புறக் கவிழ்ந்தது. பிளாஸ்டிக் மூடி வைத்த ஸ்கேட்டிங் காப்பு வழுக்கிக்கொண்டே போனது. என் தாயார் வாசலில் நின்று, "ஊட்ல ஒரு வேல செய்ய மாட்டா, செங்கல்ல இஸ்துக்கினு போறா பாரு" என்றார். நான் ஸ்கேட்டிங் வகையில் முழங்கைக் காப்பும் சேர்ந்த செட்டைப் புதிதாக வாங்கினேன். பெடல் காலில் அடிக்காமல் இருக்க, கால்பந்து ஆடுகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே வைக்கும் தகடு வாங்கினேன். கையுறை, ரப்பர் புள்ளி வைத்த துணிக் கையுறை, பெண்கள் அளவு. அது ஹார்டுவேர் கடையில் கிடைத்தது.

போட்டி விண்ணப்பத்தில் வண்டி எண்ணாக விருப்பமான மூன்று இலக்கம் எழுதலாம் என்று இருந்தது. அக்கா யோசிக்காமல் 417 என்று எழுதினாள். அதன் பிறகு நான் அதே எண்ணை மார்க்கர் பேனாவால் ஹெல்மெட்டின் பின்புறத்திலும் கையுறையின் மணிக்கட்டிலும் எழுதினேன். கம்பெனியில் தொழிலாளிகள் தங்கள் சாமான் மாறிப்போகாமல் இருக்க இதே இடத்தில், இதே மாதிரிதான் டோக்கன் எண்ணை எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் எழுதினேன்.

8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் சிமெண்ட் முற்றத்தில் அக்கா பயிற்சி செய்தாள். மேட்டிலிருந்து குதித்தபோது முன்சக்கரம் மணலில் சறுக்கி, அவள் கீழே விழுந்து எட்டடி தூரம் தரையில் இழுபட்டுக்கொண்டு போனாள். தலை தரையில் படவில்லை. எழுந்து உட்கார்ந்து, "வண்டிக்கி ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள். முழங்கால் மூடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. காப்பைக் கழற்றிப் பார்த்தேன், தோலில் ஒரு கீறலும் இல்லை. அதை உடனே நோட்டில் எழுதினேன்.

சத்தம் கேட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த துளசிராமன் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு ஹெல்மெட்டைத் தொட்டுக் காட்டி, "இது யாரோடதும்மா?" என்று கேட்டார். அவர் விரல் எண்ணின் மேல் இருந்தது. எண்ணைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அக்கா, "எங்க நைனாவோடது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் காலை என் தகப்பனாரை கேட்டிலேயே நிறுத்தி டோக்கனை வாங்கிக்கொண்டார்கள்.

இன்று விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த துளசிராமன் ஸ்டோரிலிருந்து ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்திருந்தார். "ஹெல்மெட்னா ஹெல்மெட்டுதான மேடம், இதுல இன்னா வித்தியாசம்?" என்றார். நான் இரண்டையும் கவிழ்த்துக் காட்டி, "சார், உங்குளுது மேலேர்ந்து சாமான் வுழுந்தா காப்பாத்தறது. இது ஆளே வுழுந்தா காப்பாத்தறது. உங்குளுத போட்டுக்கினு எங்கக்கா குதிச்சா மொதல்ல அதுதான் பறக்கும். சும்மா குடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றேன். எங்கள் ஹெல்மெட்டின் உள்ளே கெட்டியான தெர்மாகோல் இருக்கிறது, அவருடையதில் பட்டை மட்டும் இருந்தது. அதன் பிறகு என் தகப்பனாரின் கம்பெனிக் கையுறையை அக்கா போட்டுக் காட்டினாள். விரல் நுனிகள் தொங்கின, அவளால் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் பெண்கள் அளவு கையுறை வாங்குவதே இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

அவர் தான் கொண்டுவந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். பிறகு, "எங்க சாமான் இல்ல மேடம், வேற எடத்துல தேடறேன். சாம்சா, நாளைக்கி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்துடு" என்று சொல்லி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். மேலும், "ஆனா அந்த நம்பர அயிச்சிடுங்கம்மா. நாளைக்கி வேற எவனாச்சும் பாத்தா மறுபடியும் பேஜாரு" என்றார். மெர்சி அவர்களும் அழித்துவிடலாமே என்று கேட்டார்கள்.

நான் எண்ணைத் துடைத்து அழிக்க ஸ்பிரிட் எடுக்கப் போனேன். அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத என் தகப்பனார், "அயிக்காத சுகி. மார்க்கரு வேணாம், பெயிண்ட்டு வாங்கியாறேன். தூரத்துலேர்ந்து தெரியறா மாதிரி பெர்சா எய்து" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளை அனுமதி பெற்றுத் திருத்தினேன். இதில் நான் பார்த்ததும் செய்ததும் தவிர வேறு எதுவும் இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சா. சுகிர்தா