ஹெலனுக்கு ஒரு பதில்

– மறுபடியும் சொல்லு, கோதை. இங்கிலீஷ்ல 'கோ'வோட 'ஆஃப்' சேர்ந்தா?

– கடியாரத்துல மணி அடிக்கறது.

– சரி. பால் புளிச்சுப் போனாலும் அதேதான்.

– ஏன்னா, மணியும் பாலும் ஒண்ணா? 'போ'ன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பின்னால துக்குணி ஒண்ணை ஒட்டிட்டா என்னென்னமோ ஆயிடறதே! மனுஷா எப்படித்தான் பேசிக்கறாளோ.

– ராஜபாளையம் மில்லுல முப்பது வருஷம் இங்கிலீஷ்லயே லெட்டர் எழுதின இந்த பாஷ்யத்துக்கே இந்த ஒட்டெல்லாம் பிடிபடலை. அறுபத்தஞ்சு வயசுல உனக்கு ஏறப் போறதா? விட்டுடு.

– விடறதாவது! பத்து மணிக்கு மாட்டுப்பொண் அமெரிக்காலேர்ந்து கூப்பிடுவா. நம்ம பிள்ளை பத்ரி கண்ணை மூடி மூணு வருஷமாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை தவறலையே ஹெலன். நாம என்ன பேசறோம்? 'ஹவ் ஆர் யூ.' அப்புறம் சிரிப்பு. அவ்வளவுதானே?

– இன்னிக்குச் சிரிச்சா போறாது.

– தெரியும். 'மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கட்டுமா'ன்னு போன வாரம் அவ கேட்டா. எனக்கு அர்த்தத்தைச் சொன்ன கையோட போனை வச்சுட்டேள். பாவம், வீடியோல பார்த்தேனே, அவ முகம் வாடிப் போச்சு.

– பிள்ளையைப் பறிகொடுத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா அது? நம்மாத்துல வழக்கம் உண்டா? உன் சித்தி இல்லையா...

– சித்தி பேச்சை எடுக்காதேங்கோ. பதினெட்டு வயசுல தாலி அறுத்தவ. அறுபது வருஷம் சமையலுள்ளே கிடந்து செத்தா. உனக்கு என்னடி வேணும்னு ஒருத்தராவது கேட்டாளா? நான் கேட்டேனா?

– சரி, எடுக்கலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். 'டோண்ட் கோ அவே.' போயிடாதேம்மா. அவளும் போயிட்டா பத்ரி பேரைச் சொல்ல அந்தத் தேசத்துல யாரு இருக்கா?

– அழாதேங்கோ. அவ போகத்தான் போறா. நம்மால என்ன பண்ண முடியும்?

– ஒண்ணும் முடியாது. முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவா. அப்புறம் தீபாவளிக்கு. அப்புறம் அதுவும் இருக்காது. ரெண்டு கிழங்களும் இந்தப் போனைப் பார்த்துண்டே உட்கார்ந்திருப்போம்.

– 'கோ அஹெட்'னா 'தாராளமாப் பண்ணிக்கோ'ன்னு தானே அர்த்தம்?

– அதை நான் உனக்குச் சொல்லித் தரவே இல்லையே.

– நானே போன்ல தேடிப் பார்த்துண்டேன். நாலு நாளாச் சொல்லிப் பார்க்கறேன், நாக்கு புரள மாட்டேங்கறது.

– கோதை! என்னை ஒரு வார்த்தை கேக்காம...

– உங்களைக் கேட்டா முடியாதும்பேள்.

– அசடே, இன்னிக்குக் கார்த்தால கோவிலுக்குப் போனவ ஒன்பது மணிக்குத்தானே திரும்பினே. அங்கே யார்கிட்ட என்ன சொல்லிண்டு நின்னே? நிஜத்தைச் சொல்லு.

– ஆண்டாள் சூடிக் களைஞ்ச மாலை ஒண்ணு கல்யாணத்துக்கு வேணும்னு அர்ச்சகரைக் கேட்டேன். கல்யாணப் பொண்ணு யாருன்னார். எங்காத்துப் பொண்ணுன்னேன்.