மஞ்சள் புள்ளி

– முதல்ல உண்மையைச் சொல்லுங்க சார். இந்த கிடார் வயித்தைக் கிழிச்சது யாரு?

– யாரோ ஒரு கடைக்காரன் மேடம், பேரெல்லாம் ஞாபகம் இல்ல. இது என் மனைவியோட எலக்ட்ரிக் கிடார். சாயந்திரம் ஆறு மணிக்கு அவ மேடையில வாசிக்கணும். அதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடுங்க. அவளுக்குத் தெரியவே கூடாது.

– கடைக்காரனா? இருபத்திரண்டு வருஷமா கிடார் ரிப்பேர் பண்றேன். எந்தக் கடைக்காரனும் ஈயத்தை இப்படிக் கொட்டிக் குமிச்சு வைக்க மாட்டான். வயரைக் கருக்கி, வால்யூம் குமிழைத் தீய்ச்சு... பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது!

– ஏன் மேடம் இப்படித் திட்டுறீங்க? கம்பியில இருந்து கையை எடுத்தா 'ஙொய்'னு ஒரு இரைச்சல் வந்துச்சு. அதை நிறுத்தத்தான் அந்த ஆளு...

– நல்லாவே நிறுத்திட்டார். இப்போ பாட்டும் சேர்ந்து நின்னு போச்சு.

– சரி, நான்தான். போதுமா?

– அப்படி வாங்க வழிக்கு.

– ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. சாப்ட்வேர் எழுதுறவன். மூணு மாசத்துக்கு ஒரு புது கோடிங் மொழி கத்துக்கிறேன், அதுவும் சும்மா பொழுதுபோக்குக்கு! பதினோரு மொழி தெரிஞ்சவனுக்கு இந்த நாலு வயர் ஒரு விஷயமா? நேத்து கை கொஞ்சம் தவறிடுச்சு, அவ்வளவுதான்.

– உங்க பதினோரு மொழியும் இந்த வயருக்குப் புரியலையே சார்! நகருங்க, வெளிச்சம் மறைக்குது.

– எல்லாத்தையும் பிரிங்க, ஆனா இந்த இடத்தை மட்டும் தொட்டுடாதீங்க. இது நான் போன வருஷம் ஈயம் வச்சு சால்டர் பண்ணினது. பாருங்க, முத்து முத்தா! இந்த சுவிட்ச் அதுக்கு முந்தின வருஷம் மாத்தினது. ஒரு நாள் கூட மக்கர் பண்ணினதில்ல.

– இது... நீங்க பண்ணினது?

– பின்ன? ஒரு ஞாயித்துக்கிழமை பூரா மேஜையை விட்டு எந்திரிக்கல. அவளே அசந்துட்டா. கடைக்காரங்க எல்லாம் சும்மா மிரட்டிப் பொழைக்கிறாங்கன்னு அன்னிக்கே அவகிட்ட சொன்னேன்.

– மிரட்டிப் பொழைக்கிறோமா? நல்லா இருக்கு உங்க நியாயம்! உங்க வேலையில வெளியாள் கை வச்சா நீங்க சும்மா இருப்பீங்களா?

– ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! அவளும் இப்போ கோடிங் கத்துக்கறா. வாசிக்கிற பாட்டையெல்லாம் வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதியிருக்கா. வரிக்கு ஒரு தப்பு! அவ குளிக்கப் போற நேரம் பார்த்து நான் சத்தமில்லாம திருத்தி வச்சிடுவேன். தான் எழுதினதுதான் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. சொன்னா பாவம், மனசு ஒடைஞ்சிடும்.

– ஓகோ. சார், உங்க முத்துக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு புள்ளி இருக்கே, அது நீங்க வச்சதா?

– இல்லியே. கிடார் பண்ணின கம்பெனிக்காரன் வச்சிருப்பான்.

– சுவிட்ச் கிட்டயும் ஒண்ணு இருக்கு. அந்த மேஜையில ரெண்டு கிடார் திறந்து கிடக்கு பாருங்க. உள்ள எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

– ...ரெண்டுலயும் இருக்கு. அதே மஞ்சள்.

– வேலை முடிஞ்சதும் நான் வைக்கிற புள்ளி சார் அது. ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். மிரட்டிப் பொழைக்கிறோம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் என்னால முடியல.

– அப்போ... நான் பண்ணினதெல்லாம்?

– நீங்க கை வச்ச மறுநாள், நீங்க ஆபீஸ் கிளம்பினதும் உங்க வீட்டம்மா கிடாரைத் தூக்கிட்டு இங்க ஓடி வருவாங்க. 'தானே சரி பண்ணினதா நினைச்சுக்கிட்டு இருக்கார்க்கா, காட்டிக் கொடுத்துடாதீங்க. சொன்னா பாவம், மனசு ஒடைஞ்சிடும்'னு சொல்லிட்டுப் போவாங்க.