முப்பத்தோராம் பக்கத்து ளகரம்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். கமாக்களையும் முற்றுப்புள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறேன். அவற்றை விட்டுவிட்டுச் சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால், இதைத் தட்டச்சு செய்யவைத்து ஒப்படைக்கிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். ஓர் அச்சகத்தில் நாற்பத்தொரு வருடம் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சுக்குப் போகும் தாளை மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பிய பிழை ஒன்றே ஒன்று. என் கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் தம்பி பெயர் விட்டுப்போயிற்று. அது பிழைதானா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தத் தம்பிதான், அதாவது என் மச்சினன்தான், வீட்டிலேயே விமானம் கட்டினான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். முப்பது வருடம் மேலேயும் கீழேயும் போய்வந்ததில் பக்கவாட்டில் போக ஆசை வந்துவிட்டது. எங்களோடுதான் இருந்தான். நான் படிப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த அறையில் விமானத்தின் உடம்பு வளர்ந்தது. இடது இறக்கை சாப்பாட்டு அறைக்குள் நீண்டது. இரண்டு வருடம் அதன் அடியில் குனிந்து சாப்பிட்டேன். இன்றும் தட்டைக் கண்டால் என் கழுத்து தானாக மடங்குகிறது. வலது இறக்கை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. தபால்காரர் அதில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருவார்.

இறக்கைகளின் மேல் துணியை இழுத்து ஒட்டினான். எவ்வளவு இறுக்கம் என்றால், ஒருநாள் அதில் ஈ உட்கார்ந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு டாக்டரம்மா கதவைத் திறந்து, யார் தட்டியது என்று கேட்டார். இறக்கையின் பலத்தைப் பார்க்க அதைக் கவிழ்த்துப் போட்டு மணல் மூட்டை அடுக்குவது முறை. மூட்டை போதவில்லை. மனைவி வழி உறவுக்காரர்கள் பதினொரு பேரை ஏற்றி உட்காரவைத்தான். இறக்கை அசையவில்லை. நுனியில் யார் உட்காருவது என்பதில் உறவுதான் விரிசல் விட்டது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. என்னைக் 'கமா அத்தான்' என்று கூப்பிடப் பழக்கியவன் அவன்தான். அது தபால்காரர் வரைக்கும் போய்விட்டது. அதற்கும் கோபம் கிடையாது. பதினான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கு முதல்தடவை அப்படிக் கூப்பிட்டான் என்பது எப்படியோ நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோபம் வேறு, இளக்காரம் வேறு. இளக்காரம் இருந்தது. பாலைக் குடிக்கும் முன் அதில் வெப்பமானி வைத்துப் பார்ப்பவன் அவன். குளிக்கப் போகும்போது சோப்பு, துண்டு, வாளி என்று பட்டியல் போட்டு டிக் அடிப்பான். ஜாக்கிரதையை மூளைக்குப் பதிலாக உபயோகிக்கும் ஜாதி. அப்படிப்பட்டவன் முதல்முதலாகப் பறக்கும் முன் கையேடு எழுதாமல் இருப்பானா?

தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தமிழில் எழுதினான். எழுபத்திரண்டு பக்கம். எடையை எப்படிப் பார்ப்பது, எண்ணெய் எங்கே கசியும், பறக்கும் முன் தரையிலேயே எத்தனை தடவை ஓட்டிப் பார்ப்பது, இன்ஜின் நின்றால் எந்தக் காலி மைதானத்தில் இறங்குவது, எல்லாம் இருந்தது. அவனே தட்டச்சு செய்தான். அவனுக்கு லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒரே மாடியில் நிற்கிற லிஃப்ட்.

"கமா அத்தான், இத ஒரு தடவ பாத்துக் குடுங்க. அச்சுக்குக் குடுக்கணும்" என்றான். இறக்கையில் உட்கார்ந்த உறவுக்காரர்கள் அன்றைக்கும் வந்திருந்தார்கள்.

நாலாம் பக்கத்திலேயே காட்டினேன். "மாப்ளே, தீயணைக்கிற கருவிய சீட்டுக்குப் பின்னால வைக்கணும்னு எழுதியிருக்க. பெல்ட்ட மாட்டிக்கிட்டா உன் கை அங்க எட்டுமா?"

"கமா அத்தான், நீங்க எழுத்துப்பிழைய மட்டும் பாருங்க. விஷயத்துல கை வைக்காதீங்க. கமா போட்டா பறந்துருமா விமானம்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான், பல்கூடத் தெரியவில்லை.

"சரி மாப்ளே. எழுத்துப்பிழை மட்டும்" என்றேன். நான் வாக்குத் தவறுகிறவன் அல்ல.

முப்பத்தோராம் பக்கத்துக்கு வருகிறேன். விமானிக்கு முன்னால் ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வோர் இறக்கையின் பின்விளிம்பிலும் அசைகிற பலகைத் துண்டு ஒன்று இருக்கும்; அதை அவன் மடல் என்பான். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே எழ வேண்டும். அப்போதுதான் விமானம் வலப்பக்கம் சாயும். ஆங்கிலப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில் என்பதால் எனக்குத் தெரியும். மச்சினன் எழுதியிருந்தது இது: 'கைப்பிடியை வலப்பக்கம் தள்ளும்போது வலது மடல் கீளே இறங்க வேண்டும்.'

மேலே எது, கீழே எது என்று முப்பது வருடம் பொத்தானைப் பார்த்தே சம்பாதித்தவன்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ளகரத்தை அடித்து ழகரம் போட்டேன். 'கீழே.' எழுத்துப்பிழை தீர்ந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

மடல்களுக்குக் கம்பி இழுத்து மாட்டியது கையேடு அச்சாகி வந்த பிறகுதான். அச்சில் வந்துவிட்டால் அவனுக்கு அது வேதம். கையேட்டில் உள்ளபடியே மாட்டினான். பிறகு சோதனை. கையேட்டைத் திறப்பான், வரியைச் சத்தமாகப் படிப்பான், கைப்பிடியை வலப்பக்கம் தள்ளுவான், எட்டிப் பார்ப்பான், மடல் கீழே இறங்கியிருக்கும், டிக் அடிப்பான். இருபத்துமூன்று தடவை அடித்தான். கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் இரண்டாம் தடவையே கையேட்டை மறந்து கண்ணால் பார்த்திருப்பான்.

ஒரே ஒரு நாள் என்னிடம் வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"கமா அத்தான், வலப்பக்கம் தள்ளுனா வலது மடல் கீளேதானே எறங்கணும்? என்னமோ உறுத்துது."

"கையேட்டுல என்ன போட்டிருக்கு?"

"கீளேன்னுதான் போட்டிருக்கு."

"கீழே. நாக்க நல்லா மடிச்சுச் சொல்லு."

"கீழே."

"இன்னொரு தடவ."

"கீழே. கீழே." முகம் மலர்ந்துவிட்டது. போய் இன்னொரு டிக் அடித்தான்.

அனுமதி கொடுக்க ஆய்வாளர் வந்தார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே விமானத்தை ஆய்வு செய்தார். கையேட்டைப் புரட்டினார், டிக்குகளை எண்ணினார். "தொழில்நுட்பக் கையேட்ட இவ்வளவு சுத்தமான தமிழ்ல நான் பாத்ததே இல்ல. யாரு திருத்துனது?"

"எங்க அத்தான் சார்" என்றான் மச்சினன். பதினான்கு வருடத்தில் முதல்தடவையாகக் கமா இல்லாமல்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஆய்வாளர் என் வேலையைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நடுவில் குறுக்கிடுவது மரியாதை ஆகாது.

பறக்கிற அன்று காலை மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். எல்லாம் சரியா இருக்கா? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். எழுபத்திரண்டு பக்கத்துல ஒரு பிழை இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. அவள் நிம்மதியாகத் தம்பிக்குக் கையசைக்கப் போனாள். பிழை திருத்துபவனுக்கு அந்த மாதிரி மரியாதை வீட்டில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஓடுபாதையில் காற்று வலப்பக்கமிருந்து லேசாக வீசியது. விமானம் எழும்பியது, நன்றாகத்தான் எழும்பியது. காற்றில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்குக் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளியிருப்பான். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. யோசிக்கிறவன் கையை எடுத்திருப்பான். ஜாக்கிரதைக்காரன் அதையே இன்னும் ஜாக்கிரதையாகச் செய்வான். இரண்டு மாடி உயரத்தில் அது முழுதாகக் கவிழ்ந்தது. லிஃப்ட்காரனுக்கு அது ஓர் உயரமே இல்லை. பிறகு நேராகக் கீழே வந்தது.

கையேடு அவன் தொடையில் கட்டியிருந்தது. முப்பத்தோராம் பக்கம் கசங்கக்கூட இல்லை. தீயணைக்கிற கருவி சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

மனைவி அழவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"பாத்தேன்னுதான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வீட்டில் நல்ல வெளிச்சம். படிக்கிற அறை திரும்பக் கிடைத்துவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனவே யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு ஒப்புக்கொள்கிறேன்: அந்த வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினேன். ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். மற்றபடி அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

இந்த வாக்குமூலத்தை எனக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவனும் இதே மச்சினன்தான். நான் 'கீழே' என்று சொன்ன இடத்திலெல்லாம் 'கீளே' என்றே அடித்து வைத்திருந்தான், திருத்திவிட்டேன்.