உப்பளத்தில் தெருவுக்கு வந்த நுரை

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. வயது 27. தகப்பனார் பெயர் அம்மாவாசை, மூடப்பட்ட பஞ்சாலையில் வேலை பார்த்தவர். குருசுக்குப்பத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். உப்பளம் பகுதியில் வாடகை வீட்டில் நடக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். 2007 ஆகஸ்டில் நாங்கள் தெருவில் விஷ நுரை விட்டதாக எதிர்வீட்டு இட்லிக் கடை கன்னியம்மாள் கொடுத்த புகாரின் பேரில், தலைமைக் காவலர் காத்தவராயன் விசாரிக்க நான் சொல்வதாவது:

பழைய துறைமுகத்தில் படகு என்ஜின் எண்ணெய் ஊறிய மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து வளர்த்து வருகிறோம். அது நோய் உண்டாக்காது. எண்ணெயைக் கரைத்துத் தின்பதற்காக சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள் புற்றுநோய் செல்லின் சவ்வை உடைக்கிறது. நல்ல செல்லையும் உடைத்துவிடுகிறது என்பதால், அதை நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் அடைத்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் மாத்திரையில் உள்ள சத்தை உருண்டையின் மேல் ஒட்டுகிறோம். பல புற்றுநோய் செல்கள் அந்தச் சத்தை அதிகமாக இழுக்கும், கூடவே மருந்தும் உள்ளே போகும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பாக்டீரியா சுரந்தது சோதனைக்குப் போதவே இல்லை. வருடக் கடைசியில் கூடத்தை மூடிவிடலாம் என்று பேராசிரியர் புருஷோத்தமன் சொல்லியிருந்தார்.

அந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை நான் கூடத்தின் கதவைத் திறந்தபோது, வளர்ப்புத் தொட்டியின் காற்றுக் குழாய் வழியாக நுரை பொங்கி, அறையை நிறைத்து, வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தேடிய பொருள் நுரையில்தான் அதிகம் சேரும் என்பதால் தொட்டியை நான் நிறுத்தவில்லை. நான் பயந்து கத்தியதாகப் புகாரில் உள்ளது. நான் சிரித்தேன். அதன்பின் இருந்த பாத்திரங்களையெல்லாம் குழாயின் கீழ் வைத்துப் பிடித்தேன். அவையும் நிறைந்துவிட்டதால் எதிரே ஓடிக் கன்னியம்மாளிடம் கழுவிய பாத்திரம் கேட்டேன். அதற்குள் நுரை அவர் கடையை எட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்துவிட்டார்கள்.

அவர், "இன்னாடி இது, விஷமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, சோப்பு மாதிரிதான். கண்ணுல பட்டா எரியும். இது போச்சுன்னா நான் பட்ட பாடு அத்தனையும் போயிடும்."

அவர் திட்டிக்கொண்டே இரண்டு குண்டான்களைக் கொடுத்துவிட்டு, நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகாரும் கொடுத்தார். அதன்பின் நான் தெருவை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன்.

அடுத்த சில வாரங்களில் நுரையிலிருந்து பொருளைப் பிரித்து, சுத்தம் செய்து, உருண்டைகளில் அடைத்தோம். அதைக் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களில் சோதிக்கப் பேராசிரியர் எடுத்துச் சென்றார். இன்று நான் இங்கே வரும் வழியில் அவர் போன் செய்து, "செல்வி, புத்து செல்லு பெரும்பாலும் செத்துடுச்சு. நல்ல செல்லு அப்படியே நிக்குதும்மா" என்றார். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அழுதேன்.

அதன்பின் நிலையத்தில் காத்திருந்த கன்னியம்மாளிடம் சொன்னேன். "அப்ப மருந்து வந்துடுச்சா?" என்றார். "இல்லக்கா, தட்டுல மட்டுந்தான். எலிக்குக் குடுத்துப் பாக்கணும், அப்புறந்தான் மனுஷங்க. பல வருஷம் ஆவும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லவில்லை. நிலையத்தில் இருந்த அனைவருக்கும் டீ சொன்னார்.

இனியும் நுரை வருமா என்று தலைமைக் காவலர் கேட்டதற்கு, வரவேண்டும் என்றுதான் வேலை செய்கிறோம், தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று கூறினேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
அ. செந்தமிழ்ச்செல்வி