அசல்தான் என்றேன்

தங்கத்தைப் பல்லால் கடித்துப் பார்ப்பதெல்லாம் சினிமாவில்தான் சார். எங்கள் கடையில் அதற்கு மெஷின் இருக்கிறது. பொருளை உள்ளே வைத்து மூடினால் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். காரைக்கால் கடைத்தெருவில் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். பழைய நகை கொண்டுவருகிறவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள், இந்தச் சிவப்ரியா முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் கதிரவனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவர்தான். குடித்ததில்லை, ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. காலையில் நெடுங்காட்டிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் கடைவாசலில் நிற்பார். பஸ்ஸில் வருகிறேன் என்றால், "எதுக்கு? நான்தான் இருக்கேன்ல" என்பார். என் போனுக்கு அவர்தான் சார்ஜ் போடுவார். யார் யார் பேசினார்கள் என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். அம்மா வீட்டுக்குப் போனால் கூடவே வந்து, கையோடு கூட்டிக்கொண்டு கிளம்புவார். கொடுத்துவைத்தவள் என்றது ஊர்.

சித்திரையில் முதலாளி என்னைக் கும்பகோணம் கிளைக்குப் பொறுப்பாகப் போகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் கதிரவன் அவருக்குப் போன் செய்து, பிரியாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லியிருந்தார். முதலாளி சொல்லித்தான் அது எனக்கே தெரியும். வீட்டில் கேட்டேன். "அங்க போயி தனியா என்ன பண்ணப்போற?" என்றார். கோபமே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

அந்த மாதம்தான் கொல்லைக் கிணற்றைத் திறந்தார். கொம்யூன் பஞ்சாயத்துக் குழாய் வந்த பிறகு சிலாப் போட்டு மூடிவைத்த கிணறு. குழாயில் தண்ணீர் சரியாக வராததால் வாளி விட்டுப் பார்த்தார். கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிட்டது. பாதாளக்கரண்டி போட்டு மேலே இழுத்தபோது வாளி நிறையச் சேறு, சேற்றுக்குள் ஒரு காசு. ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் புள்ளி புள்ளியாக. புளி போட்டுத் தேய்த்ததும் மஞ்சளாகப் பளிச்சிட்டது.

"பழைய வராகன் மாதிரி இருக்கு பிரியா. மெஷின்ல வச்சுப் பாத்துட்டு வா. யார்ட்டயும் சொல்லாத."

மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது பார்த்தேன். கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது, பருமனுக்கேற்ற கனம் இல்லை. விளிம்பில் அச்சில் வார்த்த கோடு ஓடியது. மெஷினில் செம்பும் துத்தநாகமும் வந்தன. தங்கம் பெயருக்குக்கூட இல்லை. ஏதோ ஒரு பிள்ளை கழுத்திலிருந்து எப்போதோ அறுந்து விழுந்த கவரிங். பக்கத்து மேசை மெஹர் பானு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் வண்டியில் ஏறியதும், "என்னாச்சு?" என்றார். பொய் சொல்ல வேண்டுமென்று நான் நினைத்திருக்கவில்லை. "அசல்தாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. மனம் குளிர்ந்தால் கேட்டதைத் தருவார் என்று தோன்றியிருக்க வேண்டும். கேட்கவும் செய்தேன். "இனிமேயாவது நான் கும்பகோணம் போவட்டுமாங்க?"

அவர் சிரித்தார். "இது ஒண்ணோட நிக்காது. கீழ பானையே கெடக்கும். இனிமே ஒனக்கு எதுக்கு வேல? நின்னுடு. நாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருக்கலாம்."

மறுநாள் அவரே கடைக்கு வந்து, நான் நின்றுவிட்டதாக முதலாளியிடம் சொன்னார். காசு போலி என்று அப்போது சொன்னால், ஏன் பொய் சொன்னாய் என்பார். சொல்லாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றில் இறங்கத் தயாரானார். மூடிக்கிடந்த கிணற்றில் விஷக்காற்று தேங்கியிருக்கும், விளக்கு இறக்கிப் பார்க்காமல் ஆள் இறங்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். வாளிக்குள் அகல் விளக்கை ஏற்றி வைத்து என்னை இறக்கச் சொல்லிவிட்டு, அவர் தென்னையில் வடம் கட்டிக்கொண்டிருந்தார். வாளி பாதி ஆழம்கூடப் போகவில்லை, சுடர் சிறுத்தது. யாரோ விரலால் நசுக்கியது போல அணைந்தது.

"எரியுதா?"

"எரியுதுங்க."

என் போனை நம்பாதவர், என் வார்த்தையை நம்பி இறங்கினார்.

அதிகச் சத்தம் வரவில்லை. ஒருமுறை என் பெயரைச் சொன்னார். பிறகு தண்ணீரில் விழுகிற ஓசை. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கொல்லையில் நல்ல காற்று அடித்தது. பிறகுதான் கத்தினேன். கத்தத்தானே வேண்டும்.

வேலியைத் தாண்டி ஓடிவந்தவர் அடுத்த வீட்டு அம்பலவாணன் அண்ணன். "அந்தப் பொண்ணக் கொஞ்சம் அது போக்குல உடுடா" என்று கதிரவனிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் ஊரில் அவர் ஒருவர்தான். வடத்தைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெளக்கு எறக்கிப் பாத்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாளி இன்னும் உள்ளேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அணைந்தது என்றால், அப்புறம் ஏன் இறங்கவிட்டாய் என்று கேட்பார்.

"நல்லா எரிஞ்சுச்சுண்ணே. கால் வழுக்கி விழுந்துட்டாரு."

அவர் இறங்கினார்.

தீயணைப்புக்காரர்கள் இருவரையும் பிணமாக மேலே தூக்கி வைத்தபோது, அம்பலவாணன் அண்ணனின் மனைவி வடிவாம்பாள் என் மடியில்தான் விழுந்து அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. அன்றிலிருந்து அவர் பிள்ளைகளுக்கு நான்தான் சோறு போட்டேன். நேற்று நீங்கள் கதிரவன் சட்டைப்பையில் இருந்த காசைக் கடையில் காட்டியதும், அது போலி என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதை மெஹர் பானு சொல்லியிருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கதிரவனைக் கொன்றது நான்தான். அதை மறைக்கப்போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அம்பலவாணன் அண்ணன் விஷயம் வேறு. அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அதை மட்டும் விபத்து என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்.