பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

மன்னாரிலிருந்து முருங்கனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"காரில ஒரு லைற் எரிஞ்சுகொண்டே இருக்குது. நான் அதுக்கு மேல பொட்டு ஒட்டிப்போட்டன்."

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். "என்ன லைற் அக்கா?"

"ஒரு ஆள் பந்துக்கு முன்னால இருக்கிற மாதிரிப் படம். சிவப்பு."

"ஐயோ, அது எயார்பாக் லைற்! எங்கட இவர் கார் திருத்திற கராச் வைச்சிருக்கிறார், அதால தெரியும். ஸ்டார்ட் பண்ணேக்க எரிஞ்சு, கொஞ்சத்தில அணைய வேணும். அணையாட்டி, அடிபடேக்க ஆளைக் காக்கிற காத்துப் பை விரியாமலும் போகலாம். சீற்றுக்குக் கீழ ஏதும் வைச்சனீங்களோ?"

"வயலுக்குப் போகேக்க இவர் மண்வெட்டியை முன்சீற்றுக்குக் கீழ தள்ளி விடுறவர்."

"அப்ப கீழ இருக்கிற வயர் இழுபட்டிருக்கும். அந்தச் சீற்றில ஆர் இருக்கிறது?"

"நான்தான்."

பாலம் தாண்டியதும் அக்கா போனை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, உயிலங்குளச் சந்திக்கு என்னை ஏத்த வராதேங்கோ. காரைக் கராச்சுக்குக் கொண்டுபோங்கோ. ஓம், கோவம்தான். உங்கட மண்வெட்டியை முன்சீற்றில இருத்திக்கொண்டு போங்கோ, நான் ஓட்டோவில வாறன்."